தேவாரம் அடிவாரத்தில் டாங்குக்கு சீட் தைத்த கதை

சென்ற மாதம் தேனியில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும், புது சீட்டைக் கண்டால் கையால் அமுக்கிப் பார்க்காமல் என்னால் நகர முடியாது. அங்கே ஒரு டிங்கர்காரர் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, இனிமேல் வரப்போகிற டாங்குகளில் உள்ளே இருக்கிறவர்களுக்குக் குளிர்காற்று மெஷின் வைப்பார்களாம் என்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "டாங்குக்குள்ள இருக்கிறவனுக்கும் உடம்பு வலிக்கும்னு இப்பத்தான்யா இவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று பக்கத்திலிருந்தவர் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. வெள்ளைக்காரன் யுத்தத்தின்போதே அந்த வலியைப் பற்றி நான் யோசித்தாகிவிட்டது. இந்தப் பள்ளத்தாக்கிலே டாங்குக்கு சீட் தைத்தவன் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும், நான் எழுந்து வணக்கம் வைக்கிறேன். அந்தப் பட்டறையில் சொன்னதைக் கேட்டவர்கள், "எழுதிக் கொடுங்கய்யா" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நான்காம் வகுப்பு வாத்தியாருக்கு என்னைப் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை. கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறும் பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தேன். கிழிந்த சீட்டைக் கோணி ஊசியால் தைக்க ஆரம்பித்தேன். போடியில் குதிரைச் சேணம் தைத்துக்கொண்டிருந்த ஒரு பாயிடம் தோல் வேலை கற்றேன். மீசை நன்றாக அடர்வதற்குள் சின்னமனூரில் எனக்குச் சொந்தக் கொட்டகை. நான் தைத்த சீட்டில் உட்கார்ந்தவர்களை இறங்கவேண்டிய ஊரில் கண்டக்டர் தட்டித்தான் எழுப்பவேண்டும். இது அந்தக் காலத்து பஸ் முதலாளிகள் எல்லோரும் சொன்னது. நானாகச் சொல்லவில்லை.

என் தொழிலில் ஒரு முறை வைத்திருந்தேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. டிரைவர் சீட் தைக்குமுன் ஒரு பலகையில் குழைத்த களிமண்ணை விரலளவு கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் கோணியை விரித்து, டிரைவரை உட்காரச் சொல்வேன். வண்டியில் கால் எப்படி நீளுமோ அப்படி நீட்டச் சொல்வேன். அவர் எழுந்தபின் கோணியை எடுத்தால் அவருடைய பாரம் எங்கே இறங்குகிறது என்று மண்ணே காட்டிவிடும். எங்கே பள்ளமோ அங்கேதான் வலி. "மேஸ்திரி ஜாதகம் பாக்காரு, யாரும் சிரிக்காதீக" என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள். ஆனால் உட்காருவார்கள்.

யுத்தம் வந்தது. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று, போடிக்கு ஓடிக்கொண்டிருந்த ரயிலின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் டாங்குகள் பெரிய லாரிகளின் முதுகில் ஏறி ரோடு வழியாகத்தான் வந்தன. பர்மா எல்லையில் மலையிலும் காட்டிலும் ஓட்டுவதற்குப் பழக வேண்டும் என்று கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவே, மலை அடிவாரத்தில் முகாம் போட்டார்கள். அமெரிக்காக்காரன் செய்த டாங்க். ஒரு டாங்குக்கு ஐந்து ஆள். முகாமைச் சுற்றி முள்கம்பி வேலி. வேலிக்கு வெளியே நம் ஜனங்கள் திருவிழா மாதிரி நின்று பார்த்தார்கள்.

ஒரு நாள் காலையில் ஒரு ஜீப் என் கொட்டகை வாசலில் வந்து நின்றது. என்னை ஏற்றிக்கொண்டு போய் ஒரு கேப்டன் முன்னால் நிறுத்தினார்கள். பாலக்காட்டுக்காரர். ஒல்லி. டாங்குகளைப் பழுதுபார்க்கும் பிரிவு அவர் பொறுப்பில். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒன்றாகவே வரும்.

"எடோ மேஸ்திரி, என்றெ டிரைவர்மார் ஒரு மணிக்கூர் ஓட்டினா நட்டெல்லு, அதான் முதுகெலும்பு, ஒடிஞ்ச மாதிரி இறங்குறாங்க. சீட் தைச்சுத் தருமோ?"

"டாங்கைக் காட்டுங்க சார். தைக்கிறது பெறகு."

உள்ளே இறங்கினேன். இறங்குமுன்னே தலையில் ஒரு இடி. கையை வைத்த இடமெல்லாம் சுட்டது. சித்திரை வெயிலில் அந்த இரும்பு அடுப்பில் வைத்த தோசைக்கல். எண்ணெய் வாடை, வேர்வை வாடை. டிரைவர் இடம் முன்பக்கம். தலைக்கு மேலே அவருக்கென்று தனி மூடி. மூடியைச் சாத்திவிட்டால் சின்னக் கண்ணாடிப் பெட்டி வழியாகத்தான் வெளியே பார்க்கவேண்டும். கண் அந்த உயரத்துக்குச் சரியாக நிற்கவேண்டும். சீட்டை உயர்த்தினால் மூடி தலையில் இடிக்கும். தாழ்த்தினால் பாதை தெரியாது. மலை ஏறும் பஸ்ஸுக்கு சீட் தைத்தவன் நான். அதில் நாலு பக்கமும் இடம் உண்டு. இங்கே ஒரு விரல்கடைகூட என் இஷ்டத்துக்கு இல்லை.

நான் இதுவரை பார்த்த மேலதிகாரிகளில் அந்த கேப்டன் மாதிரி ஒருவரைப் பார்த்ததில்லை. கத்த மாட்டார். என் சீட் எதையும் வெளியே வைத்து அமுக்கிப் பார்க்க மாட்டார். மத்தியான வெயிலில் தானே உள்ளே இறங்கி, மூடியைச் சாத்திக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டு உட்காருவார். வெகுநேரம் கழித்து, தொப்பலாக நனைந்து வெளியே வந்து, ஒரே ஒரு வார்த்தை சொல்வார். "முட்டு." முழங்கால் இடிக்கிறது என்று அர்த்தம். அல்லது, "கழுத்து." அவ்வளவுதான். எப்படிச் சரிசெய்வது என்பது நம் பாடு.

அதற்குமேல் தீக்குச்சிப் பரீட்சை ஒன்று உண்டு. ஐந்து பேரும் மூடியைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். கேப்டன் வெளியே நின்று விசில் ஊதி, ஒரு தீக்குச்சியைக் கிழித்துக் கையால் காற்றை மறைத்துப் பிடிப்பார். அது எரிந்து அவர் விரலைத் தொடுவதற்குள் ஐந்து பேருடைய காலும் தரையில் இருக்க வேண்டும். குண்டு பட்டால் டாங்க் அவ்வளவு சீக்கிரம் எரியுமாம்.

"உட்கார எல்லா சீட்டும் நல்லதாக்கும் மேஸ்திரி. இறங்ஙணும். அதாக்கும் விஷயம்" என்பார்.

முதல் சீட்டை இலவம்பஞ்சில் தைத்தேன். போடி இலவம்பஞ்சு. நம் சீமையில் கல்யாணச் சீருக்கு அதைவிட்டால் வேறு மெத்தை ஏது? மலையடிவாரத்துத் தோப்பிலிருந்து நானே போய்ப் பொறுக்கி, கொட்டை நீக்கி, கான்வாஸ் உறைக்குள் திணித்து, பட்டன் வைத்துத் தைத்தேன். டாங்க் ஆட்கள் அதைப் பார்த்து ஒரே கும்மாளம். உள்ளே பீரங்கிக்குக் குண்டு எடுத்துப் போடும் வேலையிலிருந்த திருச்சிக்காரர் ஒருவர், "என்ன சுருளி, உனக்கு ரெண்டாம் கல்யாணமா? மாமனார் வீட்டு மெத்தை வந்திருக்கு" என்றார்.

சுருளி என்பவர்தான் அந்த டாங்கின் டிரைவர். தேவாரத்துக்காரர். லாரி கிளீனராக இருந்து பட்டாளத்தில் சேர்ந்து டாங்க் ஓட்டும் அளவுக்கு வந்தவர். என்னைப் போலவே தானாக மேலே வந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு பிரியம். ஆள் குள்ளம். அந்த டாங்க் நெட்டைக்காரர்களுக்கென்று செய்தது. பெடலை எட்ட அவர் இடுப்பை முன்னே தள்ளி, முதுகைச் சாய்த்து, காலை முழுக்க நீட்டவேண்டியிருந்தது.

கேப்டன் என் இலவம்பஞ்சு சீட்டிலிருந்து ஒரு சிட்டிகை பஞ்சைப் பிய்த்து மண்ணில் வைத்து, தீக்குச்சியைக் காட்டினார். வெறும் மினுக். பஞ்சு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. என்னைத் திட்டவில்லை. குச்சியை ஊதி அணைத்து, "நல்ல பஞ்சு. வீட்டுக்குக் கொண்டு போயி உறங்ஙு" என்றார்.

இரண்டாவது சீட், பஞ்சு மாதிரிச் சட்டென்று பற்றாத தென்னைநாரும் குதிரைமயிரும். இறுக்கமாக, கல் மாதிரியும் இல்லாமல் மெத்தை மாதிரியும் இல்லாமல். கேப்டன் உள்ளே இருந்து வெளியே வந்து ஒரு உறுப்பின் பெயரும் சொல்லவில்லை. மற்ற டாங்க் டிரைவர்களெல்லாம் "ஜோர் மேஸ்திரி" என்றார்கள். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அன்றைக்குத் தீக்குச்சிப் பரீட்சை.

விசில் அடித்தது. நாலு பேர் குதித்துவிட்டார்கள். டிரைவர் மூடி திறந்தது. சுருளியின் தலை வந்தது, கை வந்தது, அதற்குமேல் வரவில்லை. "ஏலே சுருளி, வாடா! வாடா!" என்று திருச்சிக்காரர் கத்தினார். கேப்டன் கையில் குச்சி எரிந்துகொண்டே வந்தது. விரலைத் தொட்டது. அவர் விடவில்லை. சதை பொசுங்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டு அந்த மூடியையே பார்த்தார். பிறகுதான் கீழே போட்டார். சுருளியை இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி எடுத்தார்கள். இடது கால் தொங்கியது.

கேப்டன் விரலைச் சப்பிக்கொண்டு, "இன்னொரு தடவை பார்க்கும். அதிலும் வந்நில்லெங்கில் சுருளி சமையல் கொட்டகைக்கு. டாங்க் போகும், அவன் இங்கே இருக்கும்" என்றார்.

சுருளியைக் களிமண் பலகையில் உட்காரவைத்தேன். எழுந்தபின் கோணியை நீக்கினேன். மற்றவர்களுக்கு இரண்டு பள்ளம் விழும் இடத்தில் இவருக்கு நடுவில் ஒரே பள்ளம், பலகை தெரியும்வரைக்கும். வால் எலும்பு. இடுப்பை முன்தள்ளி உட்காருவதால் உடம்பின் பாரமெல்லாம் அந்த ஒரு கணுவில் இறங்கி, பாறைமேல் டாங்க் குதிக்கும்போதெல்லாம் இடித்து இடித்து, காலுக்குப் போகும் நரம்பே மரத்துப்போகிறது. அங்கே நாரைக் கூட்டினால் உயரம் ஏறும். குறைத்தால் இரும்பு குத்தும். பெடலில் கட்டை வைக்கலாமா என்றேன். இறங்கும்போது கால் மாட்டும் என்று கேப்டன் தலையாட்டிவிட்டார். வாழ்க்கையில் முதல்தடவையாக எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

என் தற்காலிகக் கொட்டகை வேலிக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் இருந்தது. மறுநாள் மத்தியானம் ஒரு பெண் தலையில் மோர்ப்பானையோடு வந்தாள். பானையை இறக்கி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"மேஸ்திரியண்ணே, நான் சுருளி பொஞ்சாதி. பேச்சி."

"வா தாயி. உக்காரு."

"உக்காரல. ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். அந்தச் சீட்டச் சரியாத் தச்சுராதீக."

எனக்குப் புரியவில்லை. "என்ன தாயி சொல்றே?"

"சரியாத் தச்சா அவுக பரீட்சையத் தாண்டிருவாக. தாண்டுனா பர்மாவுக்குப் போயிருவாக. தாண்டலேன்னா இங்கன சோறு ஆக்கிக்கிட்டு இருப்பாக. கேப்டன் சொன்னத திருச்சிக்காரண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு எங்கிட்டச் சொன்னாரு."

"சோறு ஆக்கிறதுக்காகவா உன் புருஷன் பட்டாளத்துக்குப் போனான்?"

"அது அவுக கவல. உசுரோட இருக்கணும்கிறது என் கவல. எங்க சின்னமாமா மகன் போயி, வந்தது அவன் பொட்டி மட்டும்தான். உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். ஊசியக் கொஞ்சம் கோணலாக் குத்துனா என்ன கெட்டுப்போச்சு? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல?"

"ஆமா, ஒங்க பேரு கெட்டுப்போயிரும்! பேரு பெருசா, ஆளு பெருசா?"

தலையைக் குனிந்து கொண்டேன். குனிந்த கண்ணுக்கு நேரே அவள் இறக்கிவைத்த மோர்ப்பானை இருந்தது.

பழைய சேலையை முறுக்கிச் சுருட்டிய சும்மாட்டின்மேல் பானையை வைத்திருந்தாள். தலையில் சுமையின் அடியில் வைக்கிற அதே வளையம். அதன்மேல் பானை ஆடாமல் அசையாமல் நின்றது. பானையின் பாரம் முழுக்க வளையத்தின் சுற்றிலே இறங்கியது. பானையின் அடி மட்டும் நடுவில் எதையும் தொடாமல் அந்தரத்தில் இருந்தது. பிறந்ததிலிருந்து ஆயிரம் பொம்பளைகள் தலையில் இதைப் பார்த்தவன் நான். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள் கெஞ்சிக்கொண்டே இருக்கிறாள். அவள் எதை வேண்டாம் என்று கேட்க வந்தாளோ, அது அவள் பானைக்கு அடியிலேயே இருக்கிறது. என் மனம் பட்ட பாட்டை எழுத எனக்குப் படிப்புப் போதாது. "யோசிக்கிறேன் தாயி" என்று மட்டும் சொன்னேன். அவள் பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாய் மோர்கூட எனக்கு ஊற்றவில்லை.

சாயங்காலம் சுருளி நொண்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, அவ வந்தாளா?"

"வந்துச்சு."

"எங்கிட்டயும் அழுதா. கால் மரத்துப் போகுதுன்னு டாக்டருட்ட சொல்லிருன்னா. நான் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

"சொன்னா இங்கன நிம்மதியா இருக்கலாமேப்பா."

"இருக்கலாம். என் எடத்துல ஒரு பய ஏறுவான். நேத்து வரைக்கும் லாரி ஓட்டுனவன். ஒரு பாறைய ஒழுங்கா ஏத்தத் தெரியாது. மத்த நாலு பேரும் அவன நம்பி உள்ள இருக்கணும். அந்தத் திருச்சிக்காரன் வாய் எவ்வளவு மோசம்னாலும் எனக்குச் சோறு ஊட்டி விட்டவண்ணே, காச்சல்ல கெடந்தப்ப." இடது காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "சீட்டு சரியாகாட்டியும் இந்த ஒரு தடவ பல்லக் கடிச்சுத் தாண்டிருவேன். எனக்குத் தெரியும்."

"பெறகு?"

"பெறகு என்ன, அங்கன போயித்தான் மரத்துப்போகும்."

அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. ஊசியைக் கோணலாகக் குத்தினால் இந்த ஆள் வீட்டில் நிற்கப்போவதில்லை. மரத்த காலோடு பர்மாவுக்குப் போவார். எரிகிற டாங்கிலிருந்து தலையும் கையும் மட்டும் வெளியே வரும்.

வேலையை ஆரம்பித்தேன். சேலைத்துணி தீக்கு ஆகாது, அமுங்கியும் போகும். தேங்காய்நார்க் கயிற்றை நனைத்து, முறுக்கி, வளையமாகக் கட்டி வெயிலில் காயவைத்து இறுக்கினேன். களிமண் காட்டிய பள்ளத்தைவிடக் கொஞ்சம் அகலமாக நடு ஓட்டை. முழு வட்டமாக விட்டால் தொடை மரக்கும் என்று முன்பக்கத்தை மரச்சுத்தியால் தட்டித் தட்டிப் பட்டையாக்கினேன். மேலே ஒரு படலம் குதிரைமயிர், அதன்மேல் கான்வாஸ், ஓரத்துக்குச் சேணத்துத் தோல். ஆள் குதிக்கும்போது சீட்டும் கூடவே எழும்பிக் காலில் மாட்டக்கூடாதே, அதற்காக அடியில் இரண்டு வார் வைத்து இரும்போடு கட்டினேன். உயரம் பழைய சீட்டைவிட ஒரு நூல்கூட அதிகமில்லை. சேணம் தைத்த பாய் உயிரோடு இருந்திருந்தால் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்.

சுருளி பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "என்னண்ணே இது, பொம்பளையாளு சும்மாடு மாதிரி இருக்கு? தலையில வைக்கிறத எங்கன வைக்கச் சொல்றீக?"

திருச்சிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "டேய், உன்னையும் ஒரு பானையா மதிச்சாரே, அதுக்குச் சந்தோஷப்படு!"

கேப்டன் வழக்கம்போல உள்ளே இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்து என்னைப் பார்த்தார். கழுத்து என்பாரா, முட்டு என்பாரா என்று நான் காத்திருந்தேன். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

பரீட்சைக்குமுன் காலை முழுக்க சுருளியை மலைச்சரிவில் ஓட்டவிட்டார்கள். அதுதான் கேப்டனுடைய நியாயம். களைத்த உடம்புதான் இறங்கவேண்டும். டாங்க் திரும்பி வந்து வேலியோரம் நின்றபோது, ஜனங்களுக்கு நடுவே பேச்சியைப் பார்த்தேன். சீட்டை டாங்குக்குக் கொண்டுபோனபோதே அவள் அங்கே நின்று பார்த்துவிட்டாள். அந்த வளையம் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். வையவில்லை, அழவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விசில். தீக்குச்சி. மூடிகள் படபடவென்று திறந்தன. முதலில் தரையில் குதித்தது சுருளி. குதித்தவர் திரும்பி, கடைசியாக வந்த திருச்சிக்காரரின் காலைப் பிடித்துக் கீழே இழுத்தார். கேப்டன் கையில் குச்சி பாதிகூட எரியவில்லை. அதை ஊதி அணைத்து, மிச்சத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பட்டாளத்தார் கத்திய கத்தலில் மலையே எதிரொலித்தது. வேலிக்கு வெளியிலும் எல்லோரும் கைதட்டினார்கள். ஒருத்தி மட்டும் பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தேவாரம் பாதையில் நடந்துபோனாள்.

கொஞ்ச நாளில் முகாம் கிளம்பிவிட்டது. நான் சின்னமனூருக்குத் திரும்பி, பஸ் சீட் தைத்தேன். தேவாரத்துப் பக்கமே போகவில்லை. அந்தப் பக்கத்து வேலை வந்தாலும், "கை நிறைய வேலை இருக்கு" என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். வந்த வேலையை விட்டது என் தொழிலிலேயே அந்த ஒரு காலம்தான்.

யுத்தம் முடிந்து சுருளி வந்தார். நேரே என் கொட்டகைக்குத்தான் வந்தார். கழுத்தோரம் தீப்பட்ட தழும்பு. ஒரு ஆற்றங்கரையில் டாங்கில் குண்டு பட்டு எரிந்ததாம். "நாலு பேரு எறங்கிட்டோம்ணே" என்றார். யார் இறங்கவில்லை என்று நான் கேட்குமுன்னே, "அந்தத் திருச்சிக்காரன் வாய் ஓய்ஞ்சுபோச்சு" என்று சொல்லி, என் ஊசிப்பெட்டியைத் திறந்து திறந்து மூடினார்.

பேச்சி வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. நான் எழுந்து வெளியே போனேன். என் மனதில் என்ன இருந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அத்தனை பெரிய ஆட்கள் மெச்சிய வேலை அது.

"வந்துட்டாக" என்றாள்.

"ஆமா தாயி. நல்லபடியா வந்துட்டான்."

"உங்க வேல நல்ல வேலதான். ஆனா நான் அன்னைக்குக் கேட்டதும் தப்பில்ல, மேஸ்திரியண்ணே. அந்தத் திருச்சிக்காரண்ணனுக்கும் ஊர்ல ஒருத்தி இருந்திருப்பால்ல? அவளும் யாருகிட்டயாவது கேட்டிருப்பா."

என் வாழ்நாளில் நான் பேசி ஜெயிக்காத ஆள் இல்லை. அவளுக்கு மட்டும், "தப்பில்ல தாயி" என்றேன். "உக்காரு, வெயில்ல நிக்காத" என்று சொல்லி, வாடிக்கைக்காரர்களுக்கென்று போட்டிருந்த நாற்காலியை எடுத்து வந்து வாசலிலேயே போட்டேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உட்கார்ந்தாள்.